ஒரே சட்டம், இரண்டு ஜெர்மனி: தாய்மார்களின் சம்பளம் எங்கே தேய்கிறது?

ஜெர்மனியில் 2024-இல் ஆண்கள் ஒரு மணி நேர வேலைக்குச் சராசரியாக 26.34 யூரோ வாங்கினார்கள். பெண்கள் வாங்கியது 22.24 யூரோ. வித்தியாசம் 16 சதவீதம். ஐரோப்பாவின் ஆகப் பெரிய பொருளாதாரத்துக்கு இது பெருமைப்படும் எண் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியைவிட இது அதிகம். அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் இதே கணக்கைப் பழைய எல்லைக்கோட்டின்படி இரண்டாகப் பிரித்தும் வெளியிடுகிறது. விஷயம் அங்கேதான் இருக்கிறது. முன்பு மேற்கு ஜெர்மனியாக இருந்த பகுதியில் இடைவெளி 17 சதவீதம். கிழக்கு ஜெர்மனியாக இருந்த மாநிலங்களில் 5 சதவீதம்.

இரண்டு பகுதிகளும் 1990 அக்டோபர் 3 அன்று ஒன்றாயின. அதையொட்டி ஒரே அரசியல் சட்டம், ஒரே நாணயம், ஒரே வருமான வரி, ஒரே பேறுகால விடுப்பு. 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு பக்கம் பெண்களின் சம்பளம் ஆண்களின் சம்பளத்துக்கு அருகில் நிற்கிறது, இன்னொரு பக்கம் தள்ளியே நிற்கிறது. சமூக வழக்கமும் அரசின் குடும்பக் கொள்கையும் பெண்களின் வருமானத்தை எப்படி உருவாக்குகின்றன என்று அறிய விரும்புகிறவர்களுக்கு இவ்வளவு தெளிவான களம் வேறு கிடைப்பது அரிது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிழக்கில் இடைவெளி 5 சதவீதமாக இருப்பதற்கு அங்கே ஆண்களின் சம்பளம் குறைவாக இருப்பதும் ஒரு காரணம். கார், இயந்திரம், ரசாயனம் என்று நல்ல சம்பளம் தரும் ஆலைகள் பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க் போன்ற மேற்கு மாநிலங்களில் குவிந்திருக்கின்றன. அவற்றில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆண்களின் சம்பளம் தாழ்ந்தாலும் இடைவெளி சுருங்கும். அதைப் பெண்களின் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சரி, இதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இரண்டு பகுதிகளுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு மிஞ்சுகிறது. பிள்ளை பிறந்த பிறகு தாய் எப்போது வேலைக்குத் திரும்புகிறாள், எத்தனை மணி நேரத்துக்குத் திரும்புகிறாள் என்பதுதான் அது.

முதல் பிள்ளை பிறக்கும் ஆண்டு

ஆண்–பெண் சம்பள வேறுபாடு என்றதும், ஒரே வேலை பார்க்கும் இருவருக்கு முதலாளி வேறு வேறு சம்பளம் கொடுப்பதுதான் பலருடைய மனதில் வரும். அது நடக்கிறது. சட்டப்படி தவறு என்பதால் நீதிமன்றத்துக்குப் போகவும் முடிகிறது. 2023 பிப்ரவரியில் ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் அப்படியொரு வழக்கில் பெண் ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆண் ஊழியர் வேலையில் சேரும்போது நன்றாகப் பேரம் பேசினார், அதனால்தான் அவருக்குக் கூடுதல் சம்பளம் என்ற நிறுவனத்தின் வாதம் எடுபடவில்லை. நல்ல தீர்ப்பு. ஆனால் பணக்கார நாடுகளில் இன்று மிச்சமிருக்கும் இடைவெளியின் பெரும்பகுதி இப்படி உருவாவதில்லை.

அது உருவாகும் இடத்தைத் துல்லியமாகக் காட்டியவர்கள் ஹென்ரிக் கிளேவன், கமில் லாண்டே, யாகோப் சோகோர் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள். டென்மார்க் அரசு தன் குடிமக்களின் வருமானத்தைப் பல பத்தாண்டுகளாகப் பதிவேட்டில் வைத்திருக்கிறது. அதிலிருந்து முதல் பிள்ளை பெற்றவர்களை எடுத்து, பிள்ளை பிறப்பதற்கு முந்தைய ஆண்டின் வருமானத்தை அடிப்படையாக வைத்து, அதன் பிறகு ஆண்களுக்கும் பெண்களுக்கும் என்ன ஆகிறது என்று வரைந்து பார்த்தார்கள். 2019-இல் அந்த ஆய்வு வெளியானது. பிள்ளை பிறக்கும்வரை இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒட்டியே போகின்றன. பிறந்த ஆண்டில் பெண்களின் கோடு சரேலென்று இறங்குகிறது. ஆண்களின் கோட்டில் அசைவே இல்லை, வீட்டில் ஒரு குழந்தை வந்திருப்பதே தெரியாதது போல. பத்தாண்டுகள் கழித்தும் பெண்களின் வருமானம் சுமார் 20 சதவீதம் கீழேயே கிடக்கிறது.

இன்னொரு கணக்கும் அதில் உண்டு. டென்மார்க்கில் ஆண்–பெண் வருமான ஏற்றத்தாழ்வில் பிள்ளைப்பேற்றால் வந்த பங்கு 1980-இல் சுமார் 40 சதவீதம். 2013-இல் சுமார் 80 சதவீதம். படிப்பில் பெண்கள் ஆண்களை எட்டிப்பிடித்தார்கள், பழைய காரணங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. இது மட்டும் தேயாமல் நின்றுகொண்டது.

இதே அளவுகோலைக் கிளேவனும் லாண்டேயும் வேறு சிலரும் சேர்ந்து ஆறு நாடுகளில் வைத்துப் பார்த்தபோது நாடுகள் மூன்று குழுவாகப் பிரிந்தன. டென்மார்க், ஸ்வீடன் ஆகிய நாடுகளில் நீண்டகால இழப்பு 21 முதல் 26 சதவீதம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 31 முதல் 44. ஆஸ்திரியாவில் 51. ஜெர்மனியில் 61. இந்த எண்கள் மணிக்கூலியைச் சொல்பவை அல்ல. வேலையை விட்டவர்கள், நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் எல்லாரையும் சேர்த்த மொத்த வருமானத்தின் வீழ்ச்சி. ஜெர்மனியில் தாய்மார்கள் பெரும்பாலும் வேலைக்குத் திரும்பத்தான் செய்கிறார்கள். ஆனால் அரை நாளுக்குத் திரும்புகிறார்கள். வேலை பார்க்கும் தாய்மார்களில் மூன்றில் இரண்டு பேர் பகுதி நேர ஊழியர்கள். தந்தையரில் அப்படி இருப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

அதே ஆய்வில், பள்ளி வயதை எட்டாத பிள்ளை இருக்கும்போது தாய் வேலைக்குப் போகலாமா, பகுதி நேரம் மட்டும் போகலாமா, வீட்டிலேயே இருக்க வேண்டுமா என்று பல நாடுகளில் மக்களிடம் கேட்ட கருத்துக்கணிப்பையும் இந்த இழப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருக்க வேண்டும் என்பவர்கள் அதிகமாக உள்ள நாட்டில் வருமான இழப்பும் அதிகமாக இருந்தது. இது காரணத்தை நிரூபித்துவிடாது. எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

மொத்த வருமானம் குறைவது சரி, மணிக்கூலி ஏன் குறைய வேண்டும்? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தந்தவர் 2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின். சில தொழில்களில் வாரம் 60 மணி நேரம் உழைப்பவருக்கு 30 மணி நேரம் உழைப்பவரைப் போல இரு மடங்கு மட்டும் கிடைப்பதில்லை, அதற்கும் மேலே கிடைக்கிறது. எப்போது அழைத்தாலும் வருகிற ஆளுக்குத்தான் பதவி உயர்வு. வக்கீல் தொழில், நிதித்துறை, ஆலோசனை நிறுவனங்கள் எல்லாம் இந்த ரகம். கணவன் மனைவி இருவரும் அப்படிப்பட்ட வேலையில் இருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து போன் வரும்போது கிளம்பிப் போக ஆள் இருக்காது. ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். யார் ஒதுங்குவது என்பதை வழக்கம் முடிவு செய்கிறது. வழக்கப்படி ஒதுங்கினால் பணமும் மிச்சமாகும் என்று அரசே விதி வகுத்துவிட்டால், அப்புறம் வீட்டில் அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவைகூட இருப்பதில்லை.

ஜெர்மனியில் ஆண்டுதோறும் இந்தப் புள்ளிவிவரம் வரும்போது ஒரு மறுப்பும் கூடவே வரும். தொழில், பதவி, வேலை நேரம், படிப்பு எல்லாம் சமமாக உள்ளவர்களை ஒப்பிட்டால் வித்தியாசம் 6 சதவீதம்தான், மற்றதெல்லாம் பெண்களின் சொந்தத் தேர்வு என்பார்கள். 6 சதவீதம் என்ற கணக்கு சரியானதே. அதிலிருந்து எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பகுதி நேர வேலைக்குப் போனதையும் பதவி உயர்வு தவறியதையும் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் அநீதி என்று கணக்கிட்டால், அநீதி நடந்த வழியையே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். அந்தத் தேர்வு எப்படிப்பட்ட விதிகளுக்கு நடுவே செய்யப்பட்டது என்று பார்த்த பிறகுதான் அதைச் சொந்தத் தேர்வு என்று அழைக்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

மேற்கு: சட்டப் புத்தகத்தில் இருந்த மனைவி

1958 வரை மேற்கு ஜெர்மனியின் சிவில் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. மனைவி வேலைக்குப் போவது குடும்பத்துக்கு இடைஞ்சல் என்று கணவன் கருதினால், நீதிமன்ற அனுமதியோடு அவளுடைய வேலை ஒப்பந்தத்தை அவனே முறித்துவிடலாம். 1958 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சமவுரிமைச் சட்டம் அதை நீக்கியது. நீக்கிவிட்டு அதன் இடத்தில் வைத்த வாசகம் இது: மனைவி வீட்டைத் தன் பொறுப்பில் நடத்துகிறாள், மணவாழ்வுக்கும் குடும்பத்துக்கும் உரிய கடமைகளோடு ஒத்துப்போகும் அளவுக்கு அவள் வேலைக்குப் போகலாம். கணவனுக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை. அந்த வாசகம் போனது 1977 ஜூலையில்தான். இன்று மேற்கு ஜெர்மனியில் 60 வயதில் இருக்கும் ஒரு பெண் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அது நாட்டின் சட்டம்.

வாசகம் போனது. அதே மனநிலையில் அதே 1958-இல் வந்த வருமான வரி முறை இன்றும் போகவில்லை. மணமான இருவரின் வருமானத்தைக் கூட்டி, இரண்டாக வகுத்து, ஒவ்வொரு பாதிக்கும் வரி போட்டு, அதை இரட்டிப்பாக்குவார்கள். இருவரும் சமமாகச் சம்பாதித்தால் இந்த முறையால் ஒரு பைசா லாபமில்லை. ஒருவர் மட்டும் சம்பாதித்தால்தான் லாபம் உச்சத்துக்குப் போகும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். கணவனுக்கு ஆண்டுக்கு 60,000 யூரோ வரிக்குரிய வருமானம், மனைவிக்கு வருமானமில்லை. அவர்களை ஆளுக்கு 30,000 சம்பாதிப்பவர்களாக வைத்து வரி கணக்கிடுவார்கள். கணவனின் வரி நன்றாகக் குறையும். இப்போது மனைவி ஆண்டுக்கு 15,000 யூரோ வரும் ஒரு வேலைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மணமாகாதவளாக இருந்தால் அந்தத் தொகைக்கு அவள் கட்டும் வரி மிகச் சொற்பம், ஏனென்றால் முதல் 12,000 யூரோவுக்கு வரியே கிடையாது. மணமானவள் என்பதால் அவளுடைய முதல் யூரோவே கணவனின் வருமானத்துக்கு மேல் ஏறி உட்காருகிறது. குடும்பத்துக்கு வரும் கூடுதல் 15,000-இல் கால் பங்குக்கும் மேல் வரியாகப் போகும். அவள் பெயரில் தனியாகக் கட்டும் சமூகக் காப்பீட்டுச் சந்தாவையும் காப்பகக் கட்டணத்தையும் கழித்தால், "இதுக்காகவா வேலைக்குப் போறே?" என்ற கேள்வி வீட்டில் எழும். கணக்கு அந்தக் கேள்வியின் பக்கம் நிற்கிறது.

மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் முறை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. தம்பதியர் தங்களுக்கு வரி வகுப்புகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கூடுதலாகச் சம்பாதிப்பவர் மூன்றாம் வகுப்பு, குறைவாகச் சம்பாதிப்பவர் ஐந்தாம் வகுப்பு என்று போட்டால், முன்னவருக்குப் பிடித்தம் குறைவு, பின்னவருக்கு மிக அதிகம். ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கையில் வரும் சம்பளச் சீட்டில் தன் உழைப்பின் மதிப்பு எவ்வளவு சிறியது என்று அவர்கள் மாதாமாதம் பார்க்கிறார்கள். வேலை போனால் கிடைக்கும் உதவித்தொகை பிடித்தத்துக்குப் பிந்தைய சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால் அதுவும் குறைகிறது.

இதோடு வேறு சிலவும் வந்து பொருந்திக்கொண்டன. வருமானமில்லாத மனைவி கணவனின் மருத்துவக் காப்பீட்டில் இலவசமாகச் சேர்ந்துவிடலாம். மாதம் ஒரு சிறு தொகைவரை (2025-இல் 556 யூரோ) சம்பாதிக்கும் குட்டி வேலைகளுக்கு ஊழியர் வரியும் காப்பீட்டுச் சந்தாவும் கட்டத் தேவையில்லை; அந்த வரம்பைத் தாண்டினால் பிடித்தங்கள் ஆரம்பிக்கும். ஆகவே பல மனைவிமார்கள் வரம்புக்குக் கீழேயே நின்றுவிடுகிறார்கள். வருடங்கள் போகின்றன, ஓய்வூதியக் கணக்கில் சேர்வது எதுவுமில்லை அல்லது மிகச் சொற்பம். மேற்கின் பள்ளிகள் நண்பகல் தாண்டியதும் முடிந்துவிடும், பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார்கள். வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருக்க ஆள் இருக்கிறது என்ற எண்ணத்தில் அமைந்த பள்ளி நேரம் அது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகம் என்பது 1989-இல் பெர்லின் சுவர் இடிந்த காலத்தில் மேற்கில் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு மட்டுமே கிடைத்தது.

தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் இவற்றில் பல குடும்பத்துக்கு உதவி போலவே தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சம்பாதிக்கும் கணவன், வீட்டிலிருக்கும் மனைவி என்ற ஒரே படம்தான் அடியில் இருக்கிறது. அந்தப் படத்துக்குப் பொருந்தி வாழ்ந்தவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் பணம் மிச்சமானது. பொருந்தாதவர்கள் பணத்தையும் இழந்து, பிள்ளையைத் தவிக்கவிட்டவள் என்ற பேச்சையும் கேட்டார்கள்.

கிழக்கு: ஆள் பஞ்சத்தில் பிறந்த சமத்துவம்

எல்லைக்கு அப்பால் நடந்தது வேறு. 1950-லேயே கிழக்கு ஜெர்மனி தாய்-சேய் பாதுகாப்புக்கும் பெண்களின் உரிமைக்கும் ஒரு சட்டம் போட்டது. காப்பகங்கள் கட்டுவது அரசின் கடமையானது. கொள்கைப் பற்று ஒரு காரணம்தான். அதைவிட அவசரமான காரணம் ஆள் பஞ்சம். 1961-இல் பெர்லின் சுவர் எழும்புவதற்குள் 25 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மேற்கே போய்விட்டார்கள். ஆலைகளை ஓட்டப் பெண்கள் வேண்டும், பெண்கள் வர வேண்டுமானால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும்.

1980-களின் முடிவில் கிழக்கில் வேலை வயதிலிருந்த பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் வேலையிலோ பயிற்சியிலோ இருந்தார்கள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்குக் காப்பகத்தில் இடம் இருந்தது. பிள்ளை பிறந்ததும் சம்பளத்தோடு ஓராண்டு விடுப்பு. 1976-இல் இரண்டாவது பிள்ளையிலிருந்து என்று தொடங்கி, 1986-இல் முதல் பிள்ளைக்கே கிடைத்தது. ஓராண்டு முடிந்ததும் குழந்தை காப்பகத்துக்கு, தாய் வேலைக்கு. இதில் யாரும் எதையும் விசேஷமாகப் பார்க்கவில்லை. அம்மா காலையில் வேலைக்குப் போவாள் என்பது ஒரு தலைமுறைக்குச் சாதாரண நினைவாகிவிட்டது.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பெண்களின் சம்பளம் கிழக்கிலும் ஆண்களைவிடக் குறைவாகத்தான் இருந்தது, மேல் பதவிகளில் ஆண்களே நிறைந்திருந்தார்கள். வீட்டு வேலைக்கென்று மாதத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு தரும் வழக்கம் அங்கே இருந்தது. அந்த நாள் யாருக்கு? மணமான, வேலைக்குப் போகும் பெண்ணுக்கு. துணி துவைப்பதும் வீடு பெருக்குவதும் அவள் வேலை என்பதை அரசே எழுதி வைத்த மாதிரி. பிற்காலத்தில் சில நிபந்தனைகளோடு தனித்து வாழும் ஆண்களுக்கும் அந்த நாள் கிடைத்தது. உடல்நலத்தோடு மனைவி உள்ள ஆணுக்கு வீட்டில் வேலை இருக்கும் என்று சட்டம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டோடு இருந்து பிள்ளையை வளர்க்க விரும்பிய தாய்க்கும் அந்த நாட்டில் இடம் குறைவு. கிழக்கு மாற்றியது ஒன்றே ஒன்றைத்தான்: நல்ல தாய் வேலைக்கும் போவாள் என்ற எண்ணத்தை இயல்பாக்கியது. தந்தையை அது தொடவே இல்லை.

சுவர் இடிந்த பிறகு

இணைப்புக்குப் பின் கிழக்கின் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன, பெண்கள் பெருமளவில் வேலை இழந்தார்கள். எதிர்காலம் தெரியாத அந்தச் சில ஆண்டுகளில் பிள்ளை பெறுவதையே பலர் நிறுத்தினார்கள். 1994-இல் கிழக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.77 குழந்தை என்ற அளவுக்குப் பிறப்பு விகிதம் விழுந்தது; அமைதிக் காலத்தில் அப்படியொரு வீழ்ச்சி அபூர்வம். வேலையில்லாமல் போன பெண்கள் மெல்ல மேற்கத்திய இல்லத்தரசிகளைப் போல ஆகிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அது நடக்கவில்லை. அவர்கள் வேலை தேடிக்கொண்டே இருந்தார்கள்.

வழக்கம் என்பது எவ்வளவு தூரம் தனியாக வேலை செய்கிறது என்பதைப் பார்க்க பார்பரா போல்மன், ஆன்னா ராவுட்ட, உட்டா ஷோன்பெர்க் ஆகிய மூவரும் ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தார்கள். கிழக்கில் வளர்ந்து மேற்கே வேலைக்குப் போன பெண்களையும், மேற்கில் வளர்ந்து கிழக்கே வந்த பெண்களையும் எடுத்துக்கொண்டு, பிள்ளை பிறந்த பின் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தார்கள். இப்போது சட்டம் ஒன்று, ஊர் ஒன்று, பணியிடம்கூட ஒன்றுதான். வளர்ந்த விதம் மட்டும் வேறு.

கிழக்கிலிருந்து வந்த தாய்மார்கள் மேற்கில் நீண்ட காலம் வாழ்ந்த பிறகும் தங்கள் மேற்கத்தியச் சக ஊழியர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள், கூடுதல் நேரம் வேலை பார்த்தார்கள். சிறு வயதில் கண்டது அவர்களிடம் அப்படியே இருந்தது. மேற்கிலிருந்து கிழக்கே போனவர்களோ கிட்டத்தட்ட முழுமையாகக் கிழக்கத்திய முறைக்கு மாறிக்கொண்டார்கள். மூன்றாவதாக ஒன்றும் தெரிந்தது. இணைப்புக்குப் பின் கிழக்கத்தியர்கள் அதிகமாக வந்து சேர்ந்த மேற்கு நிறுவனங்களில், அங்கேயே பிறந்து வளர்ந்த தாய்மார்களும் முன்பைவிடச் சீக்கிரமாக வேலைக்குத் திரும்பத் தொடங்கினார்கள்.

இந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான்: வழக்கம் பிடிவாதமானது, ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவுக்குப் பிடிவாதமாக இல்லை. 'தாய் வீட்டில் இருக்க வேண்டும்' என்ற வழக்கம் பக்கத்து மேசையில் ஒருத்தி குற்ற உணர்வில்லாமல் வேலைக்கு வருவதைப் பார்த்தாலே தளர்கிறது. பல பெண்கள் விரும்பி ஏற்றதாக நினைத்த ஏற்பாட்டில், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் கலந்திருந்தது என்றே இதை நான் படிக்கிறேன்.

பணம் மட்டும் கொடுத்தால்?

அப்படியானால் அரசு விடுப்பையும் காப்பகத்தையும் தாராளமாகக் கொடுத்தால் இடைவெளி மூடிவிடுமா? பக்கத்து நாடான ஆஸ்திரியா இதற்குக் கசப்பான பதில் தருகிறது. 1961-இல் அங்கே தாய்மார்களுக்கு ஓராண்டு விடுப்பு வந்தது. 1990-இல் அது இரண்டு ஆண்டாயிற்று, 1996-இல் கொஞ்சம் குறைக்கப்பட்டது, 2000-இல் உதவித்தொகையோடு மறுபடி நீட்டப்பட்டது. காப்பகங்களும் பெருகின. கிளேவனும் லாண்டேயும் ஆஸ்திரிய அறிஞர்களோடு சேர்ந்து அந்த 60 ஆண்டுக் கொள்கை மாற்றங்களை ஒவ்வொன்றாக அளந்தபோது, ஆண்–பெண் வருமான இடைவெளி சுருங்கியதில் இவற்றின் பங்கு ஏறக்குறைய இல்லை என்றே தெரிந்தது.

இதை வைத்துக் குடும்பக் கொள்கையே வீண் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆஸ்திரியா கொடுத்த நீண்ட விடுப்பை எடுத்தவர்கள் தாய்மார்கள். இரண்டாண்டு விலகி இருந்து திரும்புகிறவளுக்குப் பழைய இடம் இருக்கும், பழைய வேகம் இருக்காது, இடைப்பட்ட பதவி உயர்வு போயிருக்கும். பழைய வழக்கத்துக்கு அரசு சம்பளம் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். யார் பெயரில் விடுப்பு, எவ்வளவு காலம், வரி எந்தப் பக்கம் இழுக்கிறது என்ற கேள்விகளைக் கேட்காமல் கொள்கை என்று பொதுவாகப் பேசிப் பயனில்லை. ஸ்வீடன் 1971-இலேயே கணவன் மனைவிக்குத் தனித்தனி வரி என்று ஆக்கியது. 1974-இல் தாய்க்கு மட்டும் இருந்த விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக்கியது. 1995-இல் ஒரு மாதத்தைத் தந்தை எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே கிடையாது என்றது. இன்று அப்படி ஒதுக்கப்பட்டது ஆளுக்கு 90 நாள். மூன்றும் ஒரே திசையில் இழுத்தன.

ஜெர்மனியின் திருப்பம் 2007-இல் வந்தது. அதுவரை இருந்த உதவி, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு மாதம் 300 யூரோ, இரண்டு ஆண்டு வரை. அப்போதைய குடும்ப நல அமைச்சர் உர்சுலா ஃபொன் டெர் லையன் அதை மாற்றினார். பழமைவாதக் கட்சிக்காரர், ஏழு பிள்ளைகளின் தாய். புதிய முறையில் முந்தைய நிகரச் சம்பளத்தில் 67 சதவீதம், உச்ச வரம்பு 1,800 யூரோ, 12 மாதம். இருவரில் மற்றவரும் குறைந்தது இரண்டு மாதம் எடுத்தால் 14 மாதம். சம்பளத்தோடு பிணைக்கப்பட்டதால் நன்றாகச் சம்பாதித்த பெண்ணுக்கு அது உண்மையான மாற்றாக இருந்தது. ஓராண்டில் நின்றுவிடுவதால், ஓராண்டில் திரும்புவது மேற்கிலும் பழகத் தொடங்கியது.

எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. தந்தைக்கான இரண்டு மாதத்தை டயபர் மாற்றும் பயிற்சி என்று ஆளுங்கூட்டணியிலேயே கேலி செய்தார்கள். காப்பகங்களைப் பெருக்கும் திட்டம் பெண்களைப் பிள்ளை பெறும் இயந்திரங்களாக்கும் என்றார் ஆக்ஸ்பர்க் நகரின் கத்தோலிக்க ஆயர் வால்டர் மிக்ஸா. ஆனாலும் சட்டம் நின்றது. அதற்கு முன் விடுப்பு எடுத்த தந்தையர் நூற்றில் மூன்று நான்கு பேர். இன்று 40 சதவீதத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் எடுப்பது அந்த இரண்டே மாதம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டம் எவ்வளவு கேட்டதோ அவ்வளவு கொடுத்தார்கள்.

ஒரு நாடு எப்படித் தனக்குத் தானே எதிராக இழுக்கும் என்பதற்கு 2013 ஆகஸ்ட் 1 என்ற ஒரு தேதி போதும். அன்று ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் பெறும் உரிமை நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், குழந்தையை அரசு உதவி பெறும் காப்பகத்துக்கு அனுப்பாத பெற்றோருக்கு மாதாந்தர உதவித்தொகை தரும் சட்டமும் அமலுக்கு வந்தது. இரண்டாவது சட்டம், ஆளுங்கூட்டணியில் இருந்த பவேரிய மாநிலக் கட்சியான சி.எஸ்.யூ.வின் வற்புறுத்தலால் வந்தது. மத்திய அரசுக்கு அப்படிச் சட்டம் போட அதிகாரமில்லை என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2015-இல் அதை ரத்து செய்தது.

இந்தியாவோடு ஒப்பிட இங்கே ஓர் இடம் உண்டு. 2017 திருத்தத்தின் மூலம் இந்தியா பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. வாரக் கணக்கில் ஜெர்மனியின் கட்டாயப் பேறுகால விடுப்பைவிட இது நீளம். ஆனால் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வராத ஊழியருக்கு அந்தச் சம்பளம் முழுவதையும் முதலாளியே தர வேண்டும். ஜெர்மனியில் பெற்றோர் உதவித்தொகை அரசின் வரிப்பணத்திலிருந்து போகிறது. முதலாளி தலையில் விழும்போது, திருமணமாகப் போகும் பெண்ணை வேலைக்கு எடுப்பதே செலவு என்று அவர் கணக்குப் போடுவார். தனியார் துறையில் தந்தைக்குச் சட்டப்படியான விடுப்பு எதுவும் அதில் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் காப்பகம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; அதைத்தான் நம் ஊரில் கேட்டு வாங்க வேண்டும்.

இன்று மேற்கு ஜெர்மனியில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காப்பகம் போகிறார்கள். 2006-இல் அது 8 சதவீதம்தான். கிழக்கில் இன்று பாதிக்கு மேல். ஆட்கள் கிடைக்காமல் காப்பகங்கள் நேரத்தைக் குறைப்பதும் திடீரென்று ஒரு நாள் மூடுவதும் சகஜமாகிவிட்டது; அன்று அலுவலகத்துக்கு லீவு சொல்பவர் பெரும்பாலும் தாய்தான். தொடக்கப் பள்ளியில் நாள் முழுவதும் பிள்ளையை விடும் உரிமையை 2026 ஆகஸ்டில் முதல் வகுப்பிலிருந்து தொடங்கிப் படிப்படியாக நான்காம் வகுப்புவரை கொண்டுவருவதாகச் சட்டம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் பிள்ளை என்ற ஏற்பாட்டில் கை வைக்கும் மாற்றம் என்பதால், நான் இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

வரியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. கூட்டி வகுக்கும் அந்த முறையால் அரசுக்கு ஆண்டுக்கு 2,000 கோடி யூரோவுக்கும் மேல் வருமானம் குறைகிறது. பெற்றோர் உதவித்தொகைக்கு 2007-இல் நிர்ணயித்த 1,800 யூரோ உச்ச வரம்பு இத்தனை விலைவாசி உயர்வுக்குப் பின்னும் 1,800-இலேயே நிற்கிறது. கூடச் சம்பாதிக்கும் தந்தை விடுப்பு எடுத்தால் குடும்பத்துக்கு இழப்பு கூடிக்கொண்டே போகிறது. 2023-இல் செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தபோது, அதிக வருமானமுள்ள பெற்றோருக்கு உதவித்தொகையை நிறுத்தலாம் என்று குடும்ப நல அமைச்சகம் முன்வந்தது. அதற்குப் பதிலாக, இனிமேல் மணமுடிப்பவர்களுக்குக் கூட்டி வகுக்கும் வரி முறையை நிறுத்திவிடலாம் என்றார் சமூக ஜனநாயகக் கட்சியின் இணைத் தலைவர் லார்ஸ் கிளிங்பைல். பழைய தம்பதியர் யாரும் ஒரு யூரோ இழக்க வேண்டியிருக்காது. என் கணக்கில் மேற்கின் 17 சதவீதத்தை அசைக்க இதைவிடத் தகுந்த இடம் வேறில்லை. கடைசியில் 2024-இலும் 2025-இலும் குறைந்தது உதவித்தொகைக்கான வருமான வரம்பு. 1958-இன் வரி முறை அப்படியே இருக்கிறது.